பழைய கணினி விளையாட்டுக்களும் உலாவியும் – ஒரு பதிப்பியல் நோக்கு

இலக்கியத்தையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் ஆய்வுக்குரிய பொருள்களாக ஏற்றுக்கொண்ட தமிழ் விமர்சன மரபு கணினி விளையாட்டை இன்னும் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்துள்ளது. அது சிறுவர் பொழுதுபோக்கு என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். நாவலும் திரைப்படமும் ஒரு காலத்தில் இதே குற்றச்சாட்டைச் சுமந்து நின்றவை என்பதை நினைவுகூரின் இவ்வெண்ணத்தின் வலிமை குறைந்துவிடும். 1962 ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் கணினியறையிலே இளைஞர் சிலர் 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டை எழுதியதிலிருந்து கணக்கிட்டால் இத்துறை அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றையுடையது. அவ்வரலாற்றின் மூல ஆவணங்கள் எவை, அவற்றை இன்று எவ்வாறு வாசிப்பது, வாசிக்கக் கிடைப்பது மூலந்தானா என்னும் வினாக்கள் சுவடியியலிலும் பதிப்பியலிலும் பயிற்சி பெற்ற மாணவருக்கு அந்நியமானவையாக இருக்கமாட்டா.

மென்பொருள் என்பது விசித்திரமான ஓர் ஆவணம். நூறாண்டுக்கு முன்னர் அச்சான நூலொன்று அலுமாரியொன்றிற் கிடந்தால், தூசி தட்டி எடுத்து எழுத்தறிந்த எவரும் வாசிக்கலாம். 1985 இல் வெளியான புளொப்பி வட்டொன்று அவ்வாறன்று. வட்டு பழுதின்றி இருப்பினும், அதனைச் சுழற்றும் கருவி வேண்டும். கருவி இருப்பினும், அதன் கட்டளைகளை விளங்கிக்கொள்ளும் அதே இனக் கணினி வேண்டும். கணினி இருப்பினும், அதற்குரிய திரை வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையேல் எஞ்சுவது கறுப்புப் பிளாஸ்ரிக் உறையொன்று மட்டுமே. காந்தப் பூச்சோ ஆண்டுதோறும் தன் வலுவை இழந்துகொண்டிருக்கின்றது. ஆகவே மென்பொருளைப் பாதுகாத்தல் என்பது அதனை ஓடச்செய்தலையும் உள்ளடக்கியதாகின்றது. ஓடாத விளையாட்டு, மேடையேறாத நாடகத்தினும் கீழான நிலையில் உள்ளது; நாடகத்துக்கு எழுத்துப் பிரதியாவது உண்டு.

இந்நிலையிலேதான் உலாவி என்னும் எங்கும் பரந்த கருவி இக்கதையிற் புகுகின்றது. சான் பிரான்சிஸ்கோ நகரில் புறூஸ்ரர் கேல் என்பவர் 1996 இல் தொடங்கிய 'இன்ரர்நெற் ஆர்க்கைவ்' என்னும் இணையச் சுவடிக்கூடம் 2013 ஒக்ரோபரில் ஒரு புதுமையைச் செய்தது. பழைய மென்பொருள்களை இறக்கி வைத்துக்கொள்ளக் கொடுப்பதற்குப் பதிலாக, உலாவியின் பக்கத்துக்குள்ளேயே அவற்றை ஓடவிட்டது. இதன் பின்னணியில் இரு முயற்சிகள் இருந்தன. ஒன்று, 'எமியுலேற்றர்' எனப்படும் மென்பொருள்; அதாவது ஒரு கணினியை இன்னொரு கணினியைப் போல நடந்துகொள்ளச் செய்யும் நிரல். நாணயம் இட்டு ஆடும் ஆர்க்கேட் பொறிகளுக்காக 1997 இல் தோன்றிய 'மேம்', வீட்டுக் கணினிகளுக்காக அடுத்த ஆண்டில் தோன்றிய 'மெஸ்' ஆகியன தன்னார்வலர் பலரின் உழைப்பினால் இவ்வழியிலே பல பொறிகளை நிரல்வடிவில் மீட்டு வைத்திருந்தன. மற்றையது, 'சி' மொழியில் எழுதப்பட்ட நிரல்களை உலாவி விளங்கும் ஜாவாஸ்கிரிப்ற் ஆக மாற்றும் 'எம்ஸ்கிரிப்ரன்'. மொசில்லா நிறுவனத்தில் அலன் சக்காய் உருவாக்கியது. இவ்விரண்டையும் இணைக்கும்படி 2011 முதல் ஓயாது தூண்டியவர் ஆவணப்படக் கலைஞரும் அச்சுவடிக்கூடத்தின் பணியாளருமான ஜேசன் ஸ்கொற். 2014 நவம்பரில் சுமார் 900 ஆர்க்கேட் விளையாட்டுக்களும், 2015 ஜனவரியில் 'டொஸ்' இயங்குதளத்துக்குரிய ஏறத்தாழ 2,400 விளையாட்டுக்களும் இவ்வாறு உலாவிக்குள் வந்தன. சுட்டியை ஒருமுறை அழுத்தினாற் போதும். சில விநாடிகளுக்குள் நாற்பதாண்டுக்கு முந்திய பொறியொன்று திரையின் நடுவே விழித்தெழுகின்றது.

இதனாற் கிட்டிய நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. செவிவழி வந்த தீர்ப்புக்களை மீளாய்வு செய்ய வாய்ப்பு ஏற்பட்டமை அவற்றுள் முதன்மையானது. 1982 இல் அற்றாரி நிறுவனம் வெளியிட்ட 'ஈ.ரி.' என்னும் விளையாட்டு இதற்கு நல்ல உதாரணம். ஹவார்ட் ஸ்கொற் வோர்ஷோ என்பவர் அவ்வாண்டு நத்தார் விற்பனைக்காக ஏறத்தாழ ஐந்து வாரங்களில் இதனை எழுதி முடித்தார். விற்பனையாகாத பிரதிகள் 1983 இல் நியூ மெக்சிக்கோவின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டன. 2014 ஏப்பிரலில் அவ்விடத்தைத் தோண்டியபோது பேழைகள் வெளிவந்தன. உலகின் மிக மோசமான விளையாட்டு என்று இதனைப் பழித்தோருட் பலர் அதனை ஆடிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இன்று எவரும் ஆடலாம். ஆடுபவர் ஒன்றைக் கண்டுகொள்வர். குழிக்குள் மீண்டும் மீண்டும் விழுவதால் எழும் எரிச்சல் உண்மையே. ஆனால் திரையின் மேற்பகுதியில் இடத்துக்கிடம் மாறும் குறிகள் யாவற்றைக் குறிக்கின்றன என்பதை விளக்கும் கைந்நூலை வாசித்துவிட்டு ஆடினால், ஐந்து வாரத்துக்குள் ஒருவர் தனித்து எவ்வளவு தூரம் சிந்தித்துள்ளார் என்பதும் புலப்படும். கைந்நூலோ உலாவிப் பெட்டிக்குள் இல்லை. அதே சுவடிக்கூடத்தில் வேறோர் இடத்தில், வேறொரு தொகுப்பிற் கிடக்கின்றது. விளையாட்டின் பாதி இங்கும் பாதி அங்குமாக இருப்பதை வருகை தருபவருக்கு யார் சொல்வது?

இவ்வினாவே இக்கட்டுரையின் மையத்துக்கு இட்டுச்செல்கின்றது. உலாவியில் ஓடுவது மூலமன்று. அது ஒரு பதிப்பு. ஏட்டிலிருந்து அச்சுக்குப் பெயர்த்தவர் எத்தனை நேர்மையாளராயினும் பெயர்த்தலின்போது சில தெரிவுகளைச் செய்தே தீர்வர். அத்தெரிவுகளை வெளிப்படக் கூறுவதே நல்ல பதிப்பாசிரியரை ஏனையோரிடமிருந்து வேறுபடுத்துவது. 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும், அதே ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும், ஏடுகள் எங்கிருந்து கிடைத்தன, அவை எந்நிலையில் இருந்தன என்பனவற்றைத் தம் முகவுரைகளிற் சொல்லவேண்டியது கடமை எனக் கருதினர். அம்முகவுரைகள் இன்றி அவர்தம் பதிப்புக்களைக் கற்பனை செய்வது கடினம். உலாவியில் ஓடும் விளையாட்டுக்களுட் பெரும்பாலானவை முகவுரையற்ற பதிப்புக்கள். எந்த வட்டிலிருந்து எடுக்கப்பட்டது, அவ்வட்டு எத்தனையாவது வெளியீடு, யாரால் எவ்வாறு பிரதி செய்யப்பட்டது, எமியுலேற்றர் எதனைத் தோராயமாகச் செய்கின்றது என்பன பல பக்கங்களில் இடம்பெறவில்லை. உள்ளவையோ வெளியீட்டாளர் பெயர், ஆண்டு, பெட்டியின் பின்புறத்து விளம்பர வாசகம் ஆகியனவே.

இது பண்டிதர்தம் வீண் கவலை என்று சிலர் கூறக்கூடும். அவ்வாறன்று என்பதை அப்பிள்-2 கணினிக்குரிய விளையாட்டுக்களின் கதை காட்டும். 1980களின் வெளியீட்டாளர் தம் வட்டுக்களைப் பிரதி செய்ய முடியாதவாறு பலவகைப் பூட்டுக்களை இட்டனர். வட்டின் தடங்களை வழக்கத்துக்கு மாறான முறையில் எழுதுதல், வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தி அப்பிழை உண்டா என விளையாட்டே சோதிக்கச் செய்தல் என இப்பூட்டுக்கள் மிகுந்த சூழ்ச்சியுடன் அமைந்தவை. இவற்றை உடைப்பதற்கென்றே இளைஞர் குழுக்கள் தோன்றின. உடைத்தோர் தம் புனைபெயர்களைத் தொடக்கத் திரையிற் பொறித்துக்கொண்டனர்; வட்டில் இடம் சேமிக்கவும் தொலைபேசி இணைப்பு வழியே விரைவாக அனுப்பவும் தொடக்கப் படங்களையும் இடைக்காட்சிகளையும் பல தடவைகளில் வெட்டி எறிந்தனர். மூல வட்டுக்கள் பழுதடைந்து மறைய, கைக்குக் கைமாறிப் பெருகிய இவ்வுடைந்த பிரதிகளே நிலைத்தன. பிற்காலத்தில் இணையத்திற் சேர்க்கப்பட்டவற்றுட் பெரும்பகுதி இவையே. ஏடெழுதுவோர் இடைச்செருகலும் ஏட்டுச் சிதைவும் பற்றிப் பாடங் கேட்ட மாணவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. முதல் திரையிலே காணப்படும் பெயர் ஆசிரியருடையதன்று, படியெடுத்தவனுடையது என்பதை அறியாது அதனை மூலமெனக் கொண்டு ஒருவர் ஆய்வு எழுதிவிட முடியும்.

இக்குறையை உணர்ந்து செயற்பட்டவர்களும் உளர். '4ஏஎம்' என்னும் புனைபெயரை மட்டும் தாங்கிய ஒருவர் கடந்த பத்தாண்டுக்கு மேலாக மூல வட்டுக்களைத் தேடியெடுத்து, பூட்டை மட்டும் நீக்கி, வேறெதனையும் தொடாது, ஒவ்வொரு வட்டுக்கும் தாம் செய்தது யாது என்னும் விரிவான குறிப்பையும் சேர்த்து அச்சுவடிக்கூடத்துக்கே அளித்துவந்துள்ளார். கள்ளப் பிரதி எடுப்போரின் கலையைக் கைக்கொண்டு பதிப்பாசிரியரின் ஒழுக்கத்தைக் கடைப்பிடித்தவர் எனலாம். அவர் சிறப்பாகக் கவனஞ் செலுத்தியவை கல்வி மென்பொருள்கள். கூட்டல் கழித்தல் கற்பிக்கும் வட்டை உடைப்பதால் அக்கால இளைஞர் எவருக்கும் புகழ் கிட்டாது. ஆகவே அவை உடைக்கப்படாமலே விடப்பட்டு அழியும் தறுவாயில் இருந்தன. எது எஞ்சுகின்றது என்பதை எப்பொழுதும் தகுதி மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பது ஈண்டு மனங்கொளற்பாலது. 2018 அளவிலே வட்டின் காந்த மாற்றங்களையே நேரடியாகப் பதிவுசெய்யும் கருவியொன்றும் வந்தது. அதன் வழி எடுக்கப்படும் பிரதியிற் பூட்டும் அப்படியே இருக்கும். எமியுலேற்றர் அப்பூட்டைத் தானே திறந்துகொள்ளும். இது ஏட்டின் நிழற்படப் பதிப்புக்கு நிகரானது.

பொருளும் உருவமும் பிரிக்கவொண்ணாதவை என்பது விமர்சனத்தில் அடிக்கடி கூறப்படுவது. ஜோர்டன் மெக்னர் 1984 இல் வெளியிட்ட 'கராற்றேக்கா' இதனை நகைச்சுவையோடு நிறுவுகின்றது. அதன் அப்பிள்-2 வட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கருவியில் இட்டால், விளையாட்டு முழுவதும் திரையிலே தலைகீழாக ஓடும். வட்டு என்னும் பௌதிகப் பொருளையும், அதனை மறுபக்கம் திருப்பும் கைச்செயலையும், 'பிழையாக இட்டுவிட்டேனோ' என்னும் திகைப்பையும் சேர்த்தே இந்நகைச்சுவை அமைந்துள்ளது. ஒரு பக்கத்தை மட்டும் பிரதி செய்தவர் இதனை இழந்தனர். இரு பக்கங்களையும் பிரதி செய்தாலும், திருப்புவதற்கு வட்டில்லாத உலாவியில் அது தலைகீழான படமாக எஞ்சுமேயன்றிச் சிரிப்பாக எஞ்சாது. அவரே 1989 இல் வெளியிட்ட 'பிரின்ஸ் ஒவ் பேர்சியா' வேறொரு சிக்கலைத் தருகின்றது. அதன் டொஸ் பதிப்பில் முதற் கட்டத்தைக் கடந்ததும் எழுத்துக்கள் பொறித்த மருந்துக் குப்பிகள் நிறைந்த அறையொன்று வரும். கைந்நூலின் குறித்த பக்கத்தில் குறித்த சொல்லின் முதலெழுத்துக்குரிய குப்பியைப் பருகினாலன்றி அப்பாற் செல்ல இயலாது. கைந்நூல் இல்லாதவர், விளையாட்டைப் பணங்கொடுத்து வாங்கவில்லை என்பது பொருள்! கைந்நூலின்றி அவ்விளையாட்டை உலாவியில் எதிர்கொள்பவர், கள்வனுக்கென வைக்கப்பட்ட பொறியிலே தாம் அகப்பட்டுக்கொண்டதை அறியார். தமது திறமைக்குறைவு என்றே எண்ணிக்கொள்வர்.

அதே விளையாட்டின் மூலநிரல் மீண்ட கதை பாதுகாப்பின் சரியான முறைக்கு உதாரணமாகும். பல்லாண்டுகள் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அதன் வட்டுக்களை 2012 இல் மெக்னரின் தந்தையார் பழைய பெட்டியொன்றிலிருந்து கண்டெடுத்தார். ஜேசன் ஸ்கொற்றும் அப்பிள்-2 கணினியில் வல்ல இன்னொருவரும் சேர்ந்து அவற்றை வாசித்தெடுத்தனர். அதே ஆண்டு நிரல் முழுவதும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியே கிடைத்ததற்கு இது ஒப்பாகும். இத்தகைய நற்பேறு எத்தனை விளையாட்டுக்களுக்கு வாய்க்கும்?

பாடபேதம் என்பதை முற்றாக விளங்கிக்கொள்வதற்கு 'ஒறிகன் ரெயில்' என்னும் அமெரிக்கக் கல்வி விளையாட்டை நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டுவண்டிகளில் மேற்கு நோக்கிச் சென்ற குடியேறிகளின் பயணத்தை மாணவருக்குக் கற்பிக்கும் பொருட்டு, டொன் றாவிற்ஷ் என்னும் பயிற்சி ஆசிரியரும் அவருடைய நண்பர் இருவரும் 1971 இல் மினசோற்றா மாநிலத்தில் இதனை எழுதினர். அப்பொழுது திரையே இல்லை. தொலையச்சுப் பொறியொன்று தாளிலே வரிவரியாக அச்சிட்டது. தவணை முடிவில் றாவிற்ஷ் நிரலைக் கணினியிலிருந்து அழித்தார். அழிக்குமுன் தாளில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். 1974 இல் மாநிலக் கல்விக் கணினி நிறுவனத்திற் சேர்ந்தபோது அத்தாள்களைப் பார்த்து மீண்டும் அதனைக் கணினியிற் சேர்த்தார். சேர்த்தபோது பயணிகளின் நாட்குறிப்புக்களை ஆராய்ந்து நிகழ்வுகளைத் திருத்தவும் செய்தார். 1985 இல் அப்பிள்-2 கணினிக்கென முற்றிலும் புதிதாக, படங்களுடன் எழுதப்பட்டது. 1990 இல் டொஸ் பதிப்பு வந்தது. உலாவியில் இலட்சக்கணக்கானோருக்கு எளிதில் எட்டியது இக்கடைசிப் பதிப்பே. அதனை ஆடிவிட்டு, 1971 ஆம் ஆண்டு அமெரிக்க வகுப்பறை பூர்வ குடிகளையும் குடியேற்றத்தையும் எவ்வாறு நோக்கியது என்று முடிவு கட்டுபவர் இருபதாண்டுப் பிழையைச் செய்தவராவர். இவ்விளையாட்டிற் குடியேறியின் கண்ணே உலகின் கண்ணாக உள்ளது; நிலத்தை இழந்தோர் வழியில் எதிர்ப்படுவோர் மட்டுமே. அந்நோக்கு எந்த ஆண்டில் எவ்வாறு மாறியது, எது மாறாது நின்றது என்பது சமூக வரலாற்றுக்கு முக்கியமான வினா. பதிப்புக்களை ஒன்றுக்கொன்று எதிரே வைத்தாலன்றி அதற்கு விடை காண இயலாது.

கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடு பற்றியும் கூறவேண்டும். அன்றைய விளையாட்டுக்கள் கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரைக்காக வரையப்பட்டவை. அத்திரையில் ஒரு புள்ளியின் விளிம்பு அயற்புள்ளியோடு கலந்து மங்கும். அம்மங்கலைக் கணக்கிலெடுத்தே ஓவியர் நிறங்களைத் தெரிந்தனர். அப்பிள்-2 கணினியின் நிறங்களே தொலைக்காட்சிச் சமிக்ஞையின் ஒரு குறைபாட்டைச் சாதகமாக்கிப் பெறப்பட்டவை. இன்றைய தட்டைத் திரையில் அதே படம் கூரிய சதுரங்களின் அடுக்காகத் தோன்றுகின்றது. 'பழைய விளையாட்டு' என்றவுடன் இன்றைய இளைஞர் மனத்தில் எழும் சதுரக் கட்டங்களின் அழகியல், பெருமளவுக்கு இப்பதிப்புக்கள் உருவாக்கிய அழகியலே. முன்னோர் கண்டது இதுவன்று. கலைப்படைப்பு இயந்திரவழிப் பிரதியாக்கப்படுகையில் அதன் இருப்பிடத்துக்கும் வேளைக்குமுரிய தனித்தன்மை மங்கிவிடுகின்றது என வோல்ற்றர் பெஞ்சமின் 1930களில் வாதிட்டார். பிறப்பிலேயே பிரதியாகப் பிறந்த மென்பொருளுக்கு அத்தகைய தனித்தன்மை ஏது என்று கேட்கலாம். அது வட்டில் இல்லை, மெய்தான். ஆனால் குழாய்த்திரையின் வெப்பத்திலும், விசைப்பலகையின் எதிர்ப்பிலும், பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பனின் தோளிலும் இருந்தது.

உலாவி இவற்றைத் தர இயலாது என்று கைவிடுவதும் பொருந்தாது. ஸ்பேஸ்வார் இதற்குச் சான்று. பீ.டி.பீ.-1 கணினியின் வட்டத்திரையிற் பூசப்பட்டிருந்த பொஸ்பர், கதிர் பட்ட கணத்தில் நீலவெண்மையாகப் பளிச்சிட்டுப் பின்னர் மஞ்சட்பச்சையாக மெல்ல மங்குவது. ஆகவே விண்கலங்கள் தமக்குப் பின்னே ஒளிவாலொன்றை இழுத்துச் சென்றன. பின்புலத்து விண்மீன்களோ பீற்றர் சாம்சன் என்பவரால் உண்மையான வான்படத்தின்படி அமைக்கப்பட்டவை. வியன்னாவைச் சேர்ந்த நோர்பேட் லாண்ட்ஸ்ரைனர் அமைத்துள்ள உலாவிப் பதிப்பில் 1962 ஆம் ஆண்டு மூலநிரலே எமியுலேற்றரில் ஓடுகின்றது. அந்த ஒளிவாலும் இரு நிற மங்கலும் கணக்கிட்டு வரையப்படுகின்றன. அதற்கு மேலாக, விளையாட்டின் வெவ்வேறு பாடங்களை ஆடுபவரே தெரிவுசெய்யலாம். நிரலின் பகுதிகளை வரிவரியாக ஆராயும் நீண்ட கட்டுரைகளும் உடன் உள்ளன. மூலம், பாடபேதம், உரை என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த பதிப்பு இது. கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று நூதனசாலையிற் சீர்செய்யப்பட்ட மெய்யான பீ.டி.பீ.-1 பொறி உள்ளது. அங்கு செல்லும் வசதியுள்ளோர் இரண்டையும் ஒப்புநோக்கலாம். ஏனையோருக்கு இவ்வுலாவிப் பக்கமே போதிய வழிகாட்டி.

ஒரே நிரலை இவ்வாறு ஆழ்ந்து பதிப்பிக்கும் ஒருவரையும், பல்லாயிரம் நிரல்களை அழிவிலிருந்து அள்ளியெடுக்கும் சுவடிக்கூடத்தையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியன்று என்பது உண்மை. வெள்ளம் வரும்போது ஏடுகளைக் கூடையிற் போட்டுத் தூக்குபவரிடம் பாடபேதம் குறித்தீரா என்று கேட்பவரில்லை. ஆயினும் 2013 இல் தொடங்கிய அவசரம் பத்தாண்டு கடந்தும் அவ்வாறே நீடிப்பதற்கு அதுவே என்றென்றைக்குமான நியாயமாகிவிடாது.

அத்துடன், உலாவியும் நிலையான கரையன்று. 1990களின் பிற்பகுதி முதல் உலாவிக்குள் ஓடுவதற்கென்றே ஆக்கப்பட்ட 'பிளாஷ்' விளையாட்டுக்களுக்கு நேர்ந்ததை அண்மையிற் கண்டோம். அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31 உடன் அதற்கான ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கியையே தடுத்துவிட்டது. ஒரு தலைமுறையின் பாடசாலை விடுமுறைகளை நிரப்பிய ஆக்கங்கள் ஒரே நாளில் வெற்றுச் சாம்பற் கட்டங்களாயின. 'றபிள்' என்னும் எமியுலேற்றர் வாயிலாகச் சுவடிக்கூடம் அவற்றுட் சிலவற்றை 2020 நவம்பரிலேயே மீட்டெடுத்தது பாராட்டுக்குரியது. உலாவியில் வாழ்ந்தது உலாவியாலேயே இறந்து, உலாவிக்குள்ளேயே வேறொன்றின் தயவில் மீண்டும் எழுந்தது. இன்றைய எமியுலேற்றர் பக்கங்களுக்கு நாளை எத்தகைய எமியுலேற்றர் வேண்டியிருக்குமோ!

மென்பொருள் எஞ்சினும் அதனாற் செய்யப்பட்டவை எஞ்சவில்லை என்பது இன்னொரு குறை. டான் பிறிக்லினும் பொப் பிராங்ஸ்ரனும் ஆக்கி 1979 இல் வெளிவந்த 'விசிக்கல்க்', வணிகர்களைக் கணினி வாங்கத் தூண்டிய முதலாவது விரிதாள் மென்பொருள். உலாவியில் அதனைத் திறப்பவர் காண்பது வெற்று நிரல்களும் நிரைகளுமே. எந்தக் கடைக்காரர் எந்தக் கடனைக் கணக்கிட அதனைப் பயன்படுத்தினார் என்பது அங்கில்லை. விளையாட்டு ஆடுபவரைத் தன்னோடு கொண்டுவருகின்றது. தொழிற்கருவி தொழிலைக் கொண்டுவருவதில்லை. இதனாலேயே மக்களின் கவனம் விளையாட்டுக்களிற் குவிந்து, தொழில் மென்பொருள்கள் தூசி படிந்து கிடக்கின்றன.

இவை யாவற்றுக்கும் மேலாகச் சட்டம் உள்ளது. விளையாட்டு வரலாற்றுக்கான அமெரிக்க அமைப்பொன்று மென்பொருட் பாதுகாப்பு வலையமைப்புடன் சேர்ந்து 2023 இல் வெளியிட்ட ஆய்வு, 2010 இற்கு முன்னர் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுக்களுள் 87 வீதமானவை விற்பனையிற் கிடைப்பதில்லை எனக் கண்டது. விற்பவரும் இல்லை, ஆயினும் பதிப்புரிமை உயிரோடுள்ளது. சுவடிக்கூடத்தின் உலாவிப் பக்கங்களுட் பல உரிமையாளர் வாய்திறவாத வரைக்குமே நிலைப்பவை. வாய்திறந்தால் மறுநாள் பக்கம் இல்லை. நூல்களை இரவல் கொடுத்தது தொடர்பாக அதே சுவடிக்கூடத்துக்கு எதிராக வெளியீட்டாளர் தொடுத்த வழக்கில் 2024 செப்ரெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதற்குப் பாதகமாகவே தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் இணையத் தாக்குதலொன்றினால் அதன் தளம் சில நாட்கள் முற்றாக முடங்கியது. அந்நாட்களில், உலகெங்கும் மென்பொருள் வரலாறு கற்பிப்போர் தம் பாடப்பொருளில் எவ்வளவு பகுதி ஒரே கூரையின்கீழ் உள்ளது என்பதை உணர்ந்திருப்பர்.

அதே 2024 ஒக்ரோபரில் இன்னொரு முடிவும் வந்தது. நூலகங்கள் தம் வசமுள்ள, விற்பனையில் இல்லாத விளையாட்டுக்களை ஆய்வாளர் தொலைவிலிருந்து அணுகுவதற்கு, பூட்டு உடைத்தலைத் தடுக்கும் சட்டத்திலிருந்து விலக்களிக்குமாறு விடுக்கப்பட்ட வேண்டுகோளை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி ஏற்க மறுத்தனர். ஆய்வு என்ற பெயரில் மக்கள் பொழுதுபோக்குக்காக ஆடிவிடுவர் என்பது எதிர்த்தோர் கூறிய காரணங்களுள் ஒன்று. நாவலொன்றை இரவல் பெறும் ஆய்வாளர் அதனை இரசித்துவிடுவாரோ என்று எந்த நூலகரும் அஞ்சியதில்லை. இம்முடிவின் விளைவு விசித்திரமானது. மூல வட்டையும் கைந்நூலையும் பெட்டியையும் ஒழுங்காகப் பட்டியலிட்டுப் பாதுகாக்கும் நூலகத்தின் விளையாட்டை ஆராய விரும்புபவர் பயணச்சீட்டு வாங்கி அந்நூலகத்தின் வாசிப்பறைக்குச் செல்லவேண்டும். யாரோ ஓர் இளைஞன் நாற்பதாண்டுக்கு முன்னர் உடைத்து, தொடக்கப் படத்தை வெட்டி, தன் புனைபெயரைப் பொறித்துவிட்ட பிரதியை ஆடுவதற்கோ உலாவியைத் திறந்தாற் போதும்.